விலையில்லா அலுவலக மென்பொருளும் நம் சங்கங்களும்

ஆண்டிபட்டி வட்டாரத்து நெசவாளர் சங்கமாயினும், கம்பம், சின்னமனூர்ப் பக்கத்து விவசாயிகள் சங்கமாயினும், ஆய்வுக்கென்று நாம் சென்று அமர்ந்ததும் காரியதரிசிகள் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “ஐயா, கணினியில் கடிதம் அடிக்கவும் பட்டியல் போடவும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வேண்டும் என்கிறார்கள். அதன் விலையோ பல ஆயிரம். காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளைப் போட்டுக்கொண்டால் என்ன?”

சில ஆண்டுகளுக்கு முன்பு இக்கேள்விக்கு நாம் சிறிதும் தயங்காமல், “தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று விடையளித்து வந்தோம். இன்று அவ்வாறு உடனே சொல்லிவிடுவதில்லை. அங்கத்தினர் பணத்தில் ஒரு காசும் வீணாகக் கூடாது என்ற எண்ணத்தில் மாற்றமில்லை. விலையில்லாப் பொருளுக்கும் வேறு வழியில் ஒரு விலை கொடுக்க நேர்கிறது என்பதைக் கண்டபின், அவ்விலை யாது, அதனை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கூடவே எடுத்துரைப்பது நம் கடமையாயிற்று. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாடு நமக்கு மட்டும் உழுவதானால் அது சரியே. சங்கத்தின் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு உழ வேண்டிய மாடு என்றால், பல்லையும் பார்க்கத்தான் வேண்டும், குளம்பையும் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். திறந்த மூல மென்பொருள் என்பது, அதனை இயக்கும் நிரல் முழுவதும் யாவரும் காணும்படி வெளியிடப்பட்டு, எவரும் அதனைப் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம் என்ற உரிமத்தோடு வருவது. சேலையை மட்டும் விற்பது ஒரு முறை. சேலையோடு அதன் டிசைன் வரைபடத்தையும் கையில் கொடுத்து, “நீயும் நெய்துகொள், வேண்டுமானால் பூவை மாற்றிக்கொள்” என்று சொல்லுவது மற்றொரு முறை. இது இரண்டாவது முறையைச் சேர்ந்தது. காசின்றிக் கிடைப்பன யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை என்று எண்ணிவிடலாகாது. சீன நிறுவனம் ஒன்றின் டபிள்யூபிஎஸ் ஆபீஸுக்கு இலவசப் பதிப்பு உண்டு. நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனத்தின் ரைட்டரையும் ஷீட்டையும் தனியொருவர் காசின்றிப் பயன்படுத்தலாம். இவை விலையில்லாதவை, எனினும் வரைபடம் நம் கைக்கு வருவதில்லை. நாளை அந்நிறுவனங்கள் விலை வைத்தால் கொடுக்க வேண்டியதே.

திறந்த மூல அலுவலக மென்பொருளில் நம் பகுதியில் பெயர் தெரிந்தவை இரண்டு: ஓப்பன் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ். இவ்விரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்ற பெயரில் பிறந்த மென்பொருளை 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, 2000-ஆம் ஆண்டில் அதன் நிரலை உலகுக்குத் திறந்து விட்டது. 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போயிற்று. புதிய உரிமையாளரிடம் நம்பிக்கை கொள்ளாத உழைப்பாளிகள் பலர் அதே ஆண்டு பிரிந்து சென்று, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை ஏற்படுத்தி, லிப்ரே ஆபீஸை உருவாக்கினர். எஞ்சிய ஓப்பன் ஆபீஸை ஆரக்கிள் 2011-இல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்துவிட்டது. உழைப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம் போக, பழைய பெயர்ப்பலகை மற்றொரு பக்கம் தங்கிவிட்டது. சங்கம் உடைந்ததைப் பார்த்த ஊர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

முதல் குறை இப்பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. ஓப்பன் ஆபீஸ் என்னும் பெயரே பலர் காதில் விழுந்த பெயராதலால், நம் சங்கங்களின் கணினிகளில் இன்றும் அதனைக் காண்கிறோம். அதன் 4.1 பதிப்பு வெளிவந்தது 2014-ஆம் ஆண்டில். அதன் பின்னர் அதே எண்ணின் சிறு திருத்தங்கள்தாம் வந்துகொண்டிருக்கின்றன. டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடியும் இக்காலத்துக் கோப்புகளை அது திறந்து காட்டும். திரும்ப அதே அமைப்பில் எழுதித் தராது. அதாவது, மேல் அலுவலகம் அனுப்பிய பட்டியலை நிரப்பி, வந்த அமைப்பிலேயே திருப்பி அனுப்ப அதனால் இயலாது. இது ஒன்றே சங்க வேலைக்கு அது உதவாது என்று சொல்லப் போதுமானது. ஆகவே, இனிக் கூறுவன யாவும் லிப்ரே ஆபீஸைப் பற்றியனவே என்று கொள்க. நல்லதோடுதான் நாம் வழக்காட வேண்டும்.

நம் மனத்தை மாற்றிய நிகழ்ச்சியை இங்கே கூறிவிடுகிறோம். பள்ளத்தாக்கில் உள்ள நெசவாளர் சங்கம் ஒன்றில் இரண்டு கணினிகள் இருந்தன. இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இருந்தது. ஆனால் ரசீது இல்லை. கணினி விற்ற கடைக்காரர் “சேர்த்தே போட்டுக் கொடுத்தார்” என்றார்கள். இப்படிச் சேர்த்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63 பி பிரிவின்படி, உரிமமற்ற படி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவது, ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். வியாபார ஆதாயத்துக்காக அல்லாதபோது நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கம் அந்தச் சலுகையை நம்பிக்கொண்டு இருப்பது அழகன்று. ஆகவே அவ்விரு படிகளையும் நீக்கச் செய்து, லிப்ரே ஆபீஸை ஏற்றுமாறு பரிந்துரைத்தவர் நாமே. குறிப்பேட்டிலும் அவ்வாறே எழுதினோம்.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. கூலிப் பட்டியல், கூட்ட அறிவிப்பு, தீர்மானப் பதிவு ஆகியவற்றில் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு தீபாவளிக்கு முன்னதாக மானியக் கோரிக்கைப் பட்டியல் ஒன்று மேலிடத்திலிருந்து வந்தது. அது வெறும் கட்டங்கள் கொண்ட படிவம் அன்று. உள்ளே மேக்ரோ எனப்படும் சிறு நிரல்கள் வைத்துத் தைக்கப்பட்ட படிவம். ஒரு பொத்தானை அழுத்தினால் கணக்குகளைச் சரிபார்த்து, பிழையில்லையேல் முத்திரை எண் ஒன்றைத் தானே எழுதும். சங்கத்தின் எழுத்தர், வேலையில் அக்கறையுள்ள இளம் பெண், பொத்தானை அழுத்தினார். பிழைச் செய்தி வந்தது. மீண்டும் அழுத்தினார், மீண்டும் வந்தது. நாள் போகிறதே என்று கட்டங்களையெல்லாம் கையாலேயே நிரப்பினார். சேமிக்கும்போது மென்பொருள், “இப்போதுள்ள அமைப்பிலேயே வைக்கவா, ஓடிஎஃப் அமைப்பில் வைக்கவா?” என்று கேட்டது. இக்கேள்வியை அது எப்போதும் கேட்கும். தன் சொந்த அமைப்பில் வைத்தால் நல்லதுதானே என்று அவர் ஓடிஎஃப் என்பதை அழுத்தினார். படிவத்தில் தைத்திருந்த நிரல்கள் செயலற்றுப் போயின. முத்திரை எண்ணும் இல்லை. பட்டியல் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பியது மறுபடியும் திரும்பியது. மூன்றாம் முறை, பக்கத்து ஊரில் ஒரு கணினி நிலையத்தில் பணம் கொடுத்து மைக்ரோசாஃப்ட் எக்செல்லில் முதலிலிருந்து நிரப்பி அனுப்பினார்கள். அதற்குள் தீபாவளி போய்விட்டது. அப்பணத்தை எதிர்பார்த்துப் பேசி வைத்திருந்த போனஸும் போய்விட்டது.

அடுத்த முறை நாம் அங்கே சென்றபோது தறிக்கார முதியவர் ஒருவர் நம்மை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: “ஓசின்னு சொன்னீகளே ஐயா, நாங்க வாங்குன கடனுக்கு வட்டியை யாரு கட்டுறது?” அவருக்கு மேக்ரோ தெரியாது, ஓடிஎஃப் தெரியாது. ஆனால் இக்கட்டுரையின் பொருளை அவரைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

நடந்தது யாதெனில், எக்செல்லுக்குள் எழுதப்படும் மேக்ரோக்கள் விபிஏ என்னும் மைக்ரோசாஃப்டின் சொந்த மொழியில் அமைந்தவை. லிப்ரே ஆபீஸுக்குத் தன் சொந்த பேசிக் மொழி உண்டு; விபிஏவை அது ஒருவாறு புரிந்துகொள்ளும்; முழுவதும் புரிந்துகொள்ளாது. எளிய நிரல்கள் ஓடும், சிக்கலானவை பாதியில் நிற்கும். குற்றம் மென்பொருளினுடையதா, படிவத்தை அம்மொழியில் தைத்தவருடையதா என்று வழக்காடலாம். நம் கருத்தில், பொது அலுவலகம் ஒன்று எல்லாச் சங்கங்களும் நிரப்ப வேண்டிய படிவத்தை ஒரே நிறுவனத்தின் பொருளில் மட்டும் திறக்கும்படி செய்வது முறையன்று. ஆயினும் படிவம் நிரப்ப வேண்டிய நாள் வருமுன் அவ்வழக்கு முடிந்துவிடாது.

இத்தகைய படிவங்கள் மேலும் பல உண்டு. ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சங்கம் ஜிஎஸ்டியின் ஆண்டு அறிக்கையாகிய படிவம் 9-ஐக் கொடுக்க வேண்டும். அதனை வீட்டிலிருந்தே நிரப்பத் தரப்படும் கருவி, மேக்ரோக்கள் கொண்ட எக்செல் கோப்பே. வருமான வரித் துறை தரும் எக்செல் படிவங்களும் அவ்வாறே. இவற்றை இணையத்தளத்தில் நேராக நிரப்பவும் வழியுண்டு; ஆனால் மழைக்காலத்தில் மேற்குமலை அடிவாரத்து ஊர்களில் இணையம் எத்தனை மணி நேரம் தொடர்ந்து நிற்கும் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸை இணையத்தின் வழியே காசின்றியும் தருகிறது. அதை நாடலாமே என்பர் சிலர். அப்பதிப்பில் மேக்ரோக்கள் ஓடமாட்டா. அங்கும் அதே கதைதான்.

அடுத்தது, பக்க அமைப்பின் மாற்றம். ஒரு அச்சுக்கென்று ஓடிய பாவை வேறு எண்ணுள்ள அச்சில் ஏற்றினால் துணியின் அகலம் மாறிவிடும் என்பது நெசவாளர் அறிந்த செய்தி. இழை அதே இழை, நிறமும் அதே நிறம். எனினும் கரை நேராக நில்லாது. ஒரு மென்பொருளில் எழுதிய கடிதத்தை மற்றொன்றில் திறக்கும்போது நேர்வதும் இதுவே. லிப்ரே ஆபீஸின் சொந்த அமைப்பாகிய ஓடிஎஃப் 2006-ஆம் ஆண்டில் உலகத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. மைக்ரோசாஃப்டின் அமைப்பு 2008-இல் அங்கீகாரம் பெற்றது. 2007-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அதற்கு எதிராக வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆக, தரங்கள் இரண்டு ஏற்பட்டுவிட்டன. ஒவ்வொரு மென்பொருளும் மற்றதன் அமைப்பை மொழிபெயர்த்தே படிக்கிறது. மொழிபெயர்ப்பில் சாதாரணக் கடிதம் தப்பிவிடும். அட்டவணைக்குள் அட்டவணை, ஓரத்தில் படம், கீழே கையொப்பக் கட்டங்கள் என்று நெருக்கமாக அமைந்த படிவம் தப்புவதில்லை. மூன்று பக்கத் துணைவிதித் திருத்தம் நான்கு பக்கமாகி, தலைவர் கையொப்பமிட வேண்டிய இடம் மட்டும் தனியாக நான்காம் பக்கத்தில் நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

தமிழில் இத்தொல்லை இருமடங்கு. ஆங்கில எழுத்துருக்களில் மைக்ரோசாஃப்டின் காலிப்ரிக்குப் பதிலாகக் கார்லிட்டோ என்றும், டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதிலாக லிபரேஷன் என்றும், அகலம் சற்றும் மாறாத இணை எழுத்துருக்களைத் திறந்த மூலத்தார் செய்து வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு நிலைமை வேறு. பல அலுவலகங்களில் யூனிகோடு தமிழ் என்றாலே லதா என்னும் எழுத்துருதான். அது மைக்ரோசாஃப்டுக்கு உரியது. அது இல்லாத கணினியில் கடிதத்தைத் திறந்தால் லோகித் தமிழோ நோட்டோ தமிழோ வந்து அமரும். எழுத்து நன்றாகவே தெரியும். ஆனால் வரிகள் வேறிடத்தில் முறியும். புதிய விண்டோஸிலும் லதா தானாக வருவதில்லை, தனியே சேர்க்க வேண்டும் என்பதையும் நடுநிலையோடு சொல்லிவிட வேண்டும். லதாவைப் படியெடுத்து லினக்ஸ் கணினியில் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு காரியதரிசி கேட்டார். அது உரிமத்துக்கு மாறானது. ரசீதில்லாத ஆபீஸை நீக்கிவிட்டு உரிமமில்லாத எழுத்துருவை ஏற்றுவதில் பொருளில்லை.

பழைய கோப்புகளின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. யூனிகோடு பரவுமுன் நம் அலுவலகங்களில் தமிழ் பெரும்பாலும் வானவில் போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டது. உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக் குறிகளே. அவ்வெழுத்துரு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டில் யூனிகோடு முறையையும், அது பொருந்தாத இடங்களில் டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு முன்னரும், வழக்கம் விடாமல் அதற்குப் பின்னரும் அடித்த தீர்மானங்கள், ஈட்டுப் பத்திர நகல்கள், உறுப்பினர் பட்டியல்கள் பழைய எழுத்துருவிலேயே உறங்குகின்றன. மென்பொருளை மாற்றும் அவசரத்தில் கணினியை முழுவதும் துடைத்துப் புதிதாக ஏற்றினால், எழுத்துரு போய்விடுகிறது. கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அழித்தவர்களும் உண்டு. இதனை லிப்ரே ஆபீஸின் குற்றம் என்று நாம் சொல்ல மாட்டோம். மாற்றும்போது வெளிப்படும் குற்றம் இது. ஆகவே, மாற்றுவதற்கு முன்னரே, பழைய எழுத்துரு உள்ள கணினியிலேயே, முக்கியமான பழைய ஆவணங்களைப் பிடிஎஃப் ஆக்கி வைப்பதும், யூனிகோடுக்கு மாற்றி ஒரு படி வைப்பதும் இன்றியமையாதன.

இனி, கட்டங்களில் எழும் சிறு தவறுகள். லிப்ரே ஆபீஸ் தேதியையும் எண்ணையும் தன் மொழி அமைப்பைக் கொண்டே புரிந்துகொள்கிறது. ஏற்றும்போது அமெரிக்க ஆங்கிலம் என்று விட்டுவிட்டால், 05/11 என்று நாம் நவம்பர் ஐந்தை எழுத, அது மே மாதம் பதினொன்று என்று கொள்ளும். 12-க்கு மேற்பட்ட நாள் வரும்போது அதைத் தேதியாகவே கொள்ளாது, வெறும் சொல்லாக விட்டுவிடும். விளைவாக, ஒரு மாதக் கூலிப் பட்டியலின் பாதி ஒரு வழியாகவும் மீதி வேறு வழியாகவும் வரிசைப்படும். லட்சமும் 100,000 என்று காற்புள்ளி மாறி நிற்கும். இந்திய ஆங்கிலம் என்று ஒருமுறை மாற்றி வைத்தால் இத்தொல்லை தீர்ந்தது. ஆனால் அந்த ஒருமுறை செய்வது யார்?

இக்கேள்விதான் எல்லாக் குறைகளுக்கும் தாய். விலை கொடுத்து வாங்கிய பொருளில் பழுது வந்தால் விற்றவரிடம் போகலாம். டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்பது பொதுநல அமைப்பு. அது நம் சங்கத்துக்கு ஆள் அனுப்பாது. தொலைபேசியில் விடை கூறவும் கடமைப்பட்டதன்று. கட்டணம் பெற்று உதவும் நிறுவனங்கள் உலகில் உண்டு; தேனியிலும் கம்பத்திலும் உள்ள கணினிப் பழுது பார்ப்பவர்களோ, தாம் பழகிய மைக்ரோசாஃப்டைத் தவிர வேறெதையும் தொட விரும்புவதில்லை. “அதை எடுத்துவிட்டு இதைப் போட்டுத் தருகிறேன்” என்று மறுபடியும் ரசீதில்லாத படியை ஏற்றிவிடுகிறார்கள்! மேலும், லிப்ரே ஆபீஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் சுமார் ஒன்பது மாதமே. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் அடுத்த பதிப்புக்குத்தான் வரும். ஒருமுறை ஏற்றிவிட்டு ஐந்தாண்டு மறந்திருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

பயிற்சிதான் உண்மை விலை என்பதற்கு மலைக்கு அப்பாலேயே சான்று இருக்கிறது. குமுளியைத் தாண்டினால் கேரளத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் திறந்த மூல மென்பொருளில்தான் படிக்கிறார்கள். 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், பின்னர் கைட் என்னும் நிறுவனமாகி, இன்றும் தொடர்கிறது. அங்கு ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்து, பயிற்றுநர்களை மாவட்டந்தோறும் நிறுத்தி, பாடநூலையும் அதற்கேற்ப எழுதினார்கள். உரிமத்துக்குக் கொடுக்காத விலையை ஆட்களுக்குக் கொடுத்தார்கள் என்பதே பொருள். நம் மாநிலத்திலும் முயற்சி இல்லாமற் போகவில்லை. 2006-07 வாக்கில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். நம் சங்கங்களின் இளம் எழுத்தர்களில் பலர் அம்மடிக்கணினியில் பழகியவர்கள். பாஸைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். கணினியைக் கொடுத்த அளவுக்குக் கற்பித்தலும் நடந்திருந்தால் இன்று இக்கட்டுரைக்கே தேவை குறைந்திருக்கும்.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியின் வரலாறு இவ்விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 2003-இல் முடிவு செய்து, பத்தாண்டு உழைத்து, சுமார் 15,000 கணினிகளை 2013-க்குள் லினக்ஸுக்கும் திறந்த மூல அலுவலக மென்பொருளுக்கும் மாற்றினார்கள். 2017 நவம்பரில் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானித்தது. பிற அலுவலகங்களோடு கோப்புகளைப் பரிமாறுவதில் தொல்லை என்பது ஊழியர்கள் கூறிய காரணங்களில் ஒன்று. நிர்வாக அமைப்பின் குளறுபடியை மென்பொருளின் தலையில் ஏற்றினார்கள் என்று மறுத்தவர்களும் உண்டு. அதே நாட்டின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அரசாங்கங்களுக்கே இத்தனை இழுபறியென்றால், இரண்டு கணினியும் ஒரு எழுத்தரும் உள்ள சங்கம் சற்று நின்று யோசிப்பதில் தவறில்லை.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். லிப்ரே ஆபீஸை விண்டோஸிலும் ஏற்றலாம். அதற்காக லினக்ஸுக்கு மாற வேண்டியதில்லை. கணக்குக்கு டாலி வைத்திருக்கும் சங்கங்கள் இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். டாலி விண்டோஸுக்கென்று அமைந்தது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, மறுநாள் பேரேடு திறக்கவில்லை என்று கலங்கியவர்களை நாம் அறிவோம். விவசாயக் கடன் சங்கங்களுக்கு இக்கவலை சற்றுக் குறைவு. 2022-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தின்கீழ், நாடெங்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கணக்குகள் ஒரே பொது மென்பொருளில் ஏற்றப்படுகின்றன. தமிழ்நாட்டுச் சங்கங்களும் அதில் சேர்ந்துள்ளன. அங்கு அலுவலக மென்பொருளுக்கு எஞ்சுவது கடிதமும் சிறு பட்டியலுமே. நெசவாளர் சங்கங்களுக்கு நூல் இருப்பு, பாவு வழங்கல், கூலி, மானியம் எனப் பட்டியல் வேலையே பாதி வேலை. ஆகவே கம்பத்துத் திராட்சை விவசாயிகளுக்குப் பொருந்தும் ஆலோசனை ஆண்டிபட்டித் தறிகளுக்கு அப்படியே பொருந்தாது.

மேற்கூறிய சங்கத்தில் இப்போது நடைபெறும் ஏற்பாட்டைக் கேட்போர் பலராதலால் அதனையும் எழுதிவிடுகிறோம். ஒரு கணினிக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் உரிமம், ரசீதோடு, நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் பேரில் வாங்கப்பட்டது. மேலிடத்துப் படிவங்கள் யாவும் அதில்தான் நிரப்பப்படுகின்றன. பக்கத்திலுள்ள இரண்டு சிறு சங்கங்களின் எழுத்தர்களும் தத்தம் படிவங்களோடு வந்து, அதே கணினியில் தாமே அமர்ந்து நிரப்பிச் செல்கிறார்கள். மற்றக் கணினியில் லிப்ரே ஆபீஸ் தொடர்கிறது. அதன் மொழி இந்திய ஆங்கிலம் என்று மாற்றப்பட்டது. தமிழுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் காசின்றி வழங்கும் மருதம் எழுத்துரு இரு கணினிகளிலும் ஏற்றப்பட்டது; கடிதங்கள் அதிலேயே அடிக்கப்படுவதால் ஒன்றில் எழுதியது மற்றொன்றில் வரி மாறாமல் நிற்கிறது. படிக்க மட்டும் அனுப்பும் கடிதம் பிடிஎஃப் ஆகவே போகிறது. நிரப்பித் திருப்ப வேண்டிய பட்டியலாயின், வந்த கோப்பின் மூலப்படி ஒன்றைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, மற்றொரு படியிலேயே வேலை செய்கிறார்கள். சேமிக்கும்போது கேள்வி கேட்டால், “இப்போதுள்ள அமைப்பிலேயே” என்பதை அழுத்த வேண்டும் என்று எழுத்தர் தம் கையெழுத்தில் ஒரு சீட்டெழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

சென்ற முறை நாம் போயிருந்தபோது மானியப் பட்டியல் முதல் முறையிலேயே ஏற்கப்பட்டதாகக் காரியதரிசி தெரிவித்தார். வட்டிக் கணக்குக் கேட்ட முதியவர் தறியில் இருந்தார். நம்மைக் கண்டு நாடாவை நிறுத்தவில்லை.